இஞ்சினை நான் மூடிய நாள்

என் மாமனார் நீராவி இஞ்சினில் ஃபயர்மேனாக இருந்தவர். விழுப்புரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே ஓடிய மீட்டர்கேஜ் பாசஞ்சரில், டிரைவர் பக்கத்தில் நின்று அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. அவர் எனக்குப் பெண் கொடுத்தபோது அந்த வண்டியெல்லாம் நின்றுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. மாமியார் இறந்த பிறகு, என் மனைவி ஒரே பெண் என்பதால், வில்லியனூரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் சேதராப்பட்டு ஃபேக்டரி ஒன்றில் வெல்டர். ஷிஃப்ட் முடிந்து வந்தால் "சாப்டீங்களா மாப்ள?" என்பார். "ஆச்சு மாமா" என்பேன். பல வருஷம் எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

எங்களைப் பேச வைத்தது ஒரு இஞ்சின். ரயில்வே ஷெட்டுக்குப் பின்னால் புதருக்குள் மழையில் கிடந்ததை, பழைய இரும்புக்குப் போகவிடாமல் யாரோ ஒரு அதிகாரி காப்பாற்றினார். பக்கத்து ஸ்டேஷன் ஒன்றின் வெளியே துண்டுத் தண்டவாளம் போட்டு, கறுப்புப் பெயின்ட் அடித்து நிறுத்தி வைத்தார்கள். மாமனார் போய் நம்பரைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாப்ள, நம்ம இஞ்சின் அது. நான் கரி போட்ட இஞ்சின்."

"நம்பர் சரியா பாத்தீங்களா மாமா?"

"நம்பர் இன்னாத்துக்கு? ஏறுனதும் கை தானா கம்பியப் புடிக்குது."

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அங்கேதான். யாரும் அவரை வேலைக்கு வைக்கவில்லை. பழைய வேட்டித் துணியும் ஒரு பாட்டில் எண்ணெயும் எடுத்துக்கொண்டு போவார். சக்கரத்துக் கம்பிகளைத் துடைப்பார், மேலே ஏறிப் பெருக்குவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பைக்கில் கொண்டுபோய் விடுவேன். வீட்டில் வாயே திறக்காத மனுஷன் அங்கே ஏறிவிட்டால் பேசிக்கொண்டே இருப்பார். மண்வெட்டி மாதிரி இருக்கும் கரி ஷவலைக் கழுவி, அடுப்பு வாயில் காட்டி அதில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வறுத்துத் தின்றது. அந்தச் சூட்டில் இடது முழங்கைக்குக் கீழே முடி முளைக்காமலே போனது. வில்லியனூருக்கு முன்னால் ஒரு வளைவில், வயல் வேலைக்குப் போகும் பெண்கள் கரிக்காகக் காத்திருப்பார்கள் என்று நாலு ஷவல் வேண்டுமென்றே வெளியே சிந்தியது. அதற்காக மெமோ வாங்கியது.

"எங்கம்மாவும் அங்க கரி பொறுக்கும் மாமா" என்றேன். "சின்ன வயசுல அந்தக் கரியிலதான் சோறு."

அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "அப்பிடியா" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் பெண்ணைக் கட்டியவன் மட்டும் இல்லை.

இரண்டு வருஷம் இப்படி நன்றாகத்தான் போனது. அப்புறம் ராத்திரியில் யார் யாரோ இஞ்சினுக்குள் ஏறிக் குடிக்க ஆரம்பித்தார்கள். சாயங்காலம் போனால் பாட்டிலும் பிரியாணிப் பொட்டலமும் கிடக்கும். மாமனார் அள்ளி அள்ளிக் கொட்டினார். ஒருநாள் செல்ஃபி எடுக்க ஏறிய பெண் பிள்ளை ஒன்று மேலேயிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டது. யாரும் ஏற முடியாதபடி வாசல், ஜன்னல் எல்லாவற்றையும் தகடு அடித்து மூடிவிட உத்தரவானது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெளி வேலை செய்து கொடுக்கும் கான்ட்ராக்டருக்கே அந்த வேலை வந்தது. அவர் என்னைத்தான் கூப்பிட்டார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு ஆள் வருவான், தகடு எப்படியும் ஏறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று நாள் மாமனாரிடம் மூச்சு விடவில்லை. கடைசியில் என் மனைவிதான் போட்டு உடைத்தாள். மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்களே பண்ணுங்க மாப்ள. வேற எவனாவது வந்தா கண்டபடி ஓட்டை போடுவான். நானும் வரேன்."

தகடு அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். "ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க" என்று சொல்லி ஏறினார். அடுப்புக்குள் கையை விட்டுப் பாட்டில்களை எடுத்துப் போட்டார். பெருக்கினார். அடுப்பின் இரும்புக் கதவை அவரே இழுத்துச் சாத்தினார். பிறகு முகத்தை இஞ்சின் பக்கம் வைத்து, இரண்டு கம்பியையும் பிடித்துப் பின்பக்கமாக இறங்கினார். கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

முதல் தகட்டை அவரே பிடித்துக்கொண்டார். வெளிச்சம் கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"டேக் மட்டும் போதும்ல மாப்ள?"

ஓரம் முழுக்க ஓட்டாமல், அங்கங்கே பொட்டுப் பொட்டாகப் பற்றவைப்பதைத்தான் நாங்கள் டேக் என்போம். இரும்பு அறுக்கிற கிரைண்டர் வைத்தால் பத்து நிமிஷத்தில் பிரித்துவிடலாம்.

"போதும் மாமா. டேக்தான் போடறேன்."

"அதான். நல்ல ஆளுங்க யாருனா வந்தாங்கன்னா நாளைக்குத் தொறப்பாங்க."

எல்லாத் தகட்டையும் டேக்கில்தான் நிறுத்தினேன். பத்து மணிக்கு அவருக்குக் கால் கடுத்துவிட்டது. ஆட்டோ பிடித்து அனுப்பி வைத்தேன். அவர் போய் அரைமணியில் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வந்தார். ஒரு தகட்டைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, ஆட்டினா வந்துடும் போல? சுத்தி ஃபுல் வெல்டிங் ஓட்டு."

முகமூடியைப் போட்டுக்கொண்டு மதியம் வரைக்கும் ஓட்டினேன். ஒரு இடம் விடாமல். நல்ல வெல்டிங். என் கைக்கு அரைகுறையாகச் செய்ய வராது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமா."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் திரும்பப் போகவே இல்லை. கூட்டிப்போகிறேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "தொறக்கட்டும், போலாம்" என்றார். சாயங்காலங்களில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார், பார்க்கமாட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும், "என் மாப்பிள்ள டேக்லதான் நிறுத்தியிருக்காரு, என்னைக்கா இருந்தாலும் தொறந்துடலாம்" என்று சொல்வார். என் மனைவி பெருமையாக என்னைப் பார்ப்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அடுத்த ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, இறந்துபோனார். அந்தப் பத்து நாளில் சொல்லிவிடலாம் என்று நான் பக்கத்தில் உட்காராத நாள் இல்லை. ஒருமுறை "மாமா" என்று ஆரம்பித்தேன். கண்ணைத் திறந்து, "நீங்க வேலைக்குப் போவலியா மாப்ள?" என்றார். "லீவு போட்டிருக்கேன் மாமா" என்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு விழுப்புரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அதே இஞ்சினில் மாமனாரோடு டிரைவராக இருந்தவர். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சாப்பிட்டுக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன்ல சொன்னாம்பா உங்க மாமனாரு. டேக்லதான் நிக்குதாமே. தொறக்கறப்ப ஒரு போன் பண்ணுங்க மாப்ள. நாலு பேரு புடிச்சி தூக்கிவுட்டாக்கூட ஒரு வாட்டி ஏறிப் பாத்துட்டு வந்துடறேன்."

என் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள்.

"பண்றேங்க" என்றேன்.

அவர் தன் நம்பரைச் சொல்லச் சொல்ல, போனில் போட்டுக்கொண்டேன்.