நான் போட்ட ஸ்டேட்டஸ்

எங்கள் மகளிர் சங்கத்தில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது என் வேலை. காலேஜ் முடித்த கெத்தில் யார் சொன்னாலும் கேட்க மாட்டேன்.

புருஷன் அடி தாங்காமல் திருவேங்கடத்திலிருந்து ஓடிவந்த செல்வி அக்கா, சங்கரன்கோவிலில் எங்கள் சங்க அறையிலேயே தங்கியிருந்தார். அவருக்கு ஒரு தையல் மெஷின் கொடுத்தோம்.

"மொகம் தெரியாம எடு மக்கா," என்றார்.

"மொகம் தெரிஞ்சாத்தான்க்கா நாலு பேரு அடுத்த மெஷின் தருவாவ. சும்மா சிரிங்க," என்று எடுத்துப் போட்டுவிட்டேன். பின்னால் இருந்த பேனரில் சங்க முகவரி தெரிந்தது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை நாங்கள் இருவர் மட்டும் உள்ளே இருந்தபோது கதவு அதிர்ந்தது.

"ஏட்டி, போட்டோல பல்லக் காட்டுனல்லா? இப்ப ஏன் தொறக்க மாட்டுக்க?" அவர் புருஷன்தான்.

இருந்தது அந்த ஒரே கதவு. ஜன்னலில் கம்பி. மெஷினை இழுத்து முட்டுக்கொடுத்துவிட்டுத் தலைவி அக்காவுக்கு போன் போட்டேன். போலீஸோடு வருவதாகச் சொன்னார். ஸ்டேட்டஸை அழித்தேன். யாரோ அதை ஏற்கெனவே அவனுக்கு அனுப்பியிருக்க வேண்டும்; அழித்து என்ன பயன்?

செல்வி அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். "இங்கன ஒரு வாரம் நல்லா ஒறங்குனேன் மக்கா," என்று மட்டும் சொன்னார்.

போலீஸ் வந்து அவனைக் கூட்டிப்போனது. அன்று மாலையே அக்காவை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். எந்த ஊர் என்று என்னிடம் மட்டும் சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.