புனிதத்தின் இமைக் கணக்கு

புனிதம் என்ற பெண்ணை நான் முதலில் சரியாக மதிக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு துணுக்காய்ப் பக்கம் ஒரு பாடசாலைக் கட்டிடத்தில் எங்கள் வைத்தியசாலை இயங்கியது. நான் தாதி, அவள் சிற்றூழியர். நிலம் கழுவுவது, மலசலச் சட்டி எடுப்பது, எழும்ப முடியாதவர்களுக்குக் கஞ்சி பருக்குவது எல்லாம் அவள்தான். ஊர் முள்ளிவாய்க்கால். கணவர் யோசெப் கடற்தொழிலாளி. போரில் இடம்பெயர்ந்த பிறகு விறகு வெட்டினார்.

நான் மருந்து எடுக்கப் போனால் எதிரே வந்து நிற்பாள். என் முகத்தையே பார்த்தபடி செபமாலையில் ஒரு மணியை உருட்டி, வாய்க்குள் செபம் சொல்லி முடித்துவிட்டுப் போவாள். நான் சைவக்காரி. என்னைக் கிறிஸ்தவ வேதத்துக்கு இழுக்கிறாள் என்றே நினைத்தேன். தாதியை அங்கே மிஸ்ஸி என்பார்கள்; மிஸ்ஸியைப் பிடித்த பேயை ஓட்டுகிறாள் என்று மருந்து கலக்கும் வீரபாகு சிரிப்பார். ஒருநாள் ஏசிவிட்டேன். அவள் மாலையைச் சட்டைப்பைக்குள் போட்டாள். வந்து நிற்பதை மட்டும் விடவில்லை.

அந்த மாரிகாலத்தில் மலேரியா கடுமை. மற்றத் தாதியும் காய்ச்சலில் விழ, இரண்டு இரவும் பகலும் நான் தனியே நின்றேன். மூன்றாம் நாள் மத்தியானம் தர்மபுரத்து ஜெயரூபியைக் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு வயது, கைக்குழந்தைக்காரி. காய்ச்சல் மூளைக்கு ஏறி நினைவில்லை. சேலைன் போத்தலில் குயினைன் ஒரு குப்பி கலந்து மெதுவாக ஏற்ற வேண்டும். இரட்டிப்பாக ஏறினால் இதயமே நின்றுவிடலாம்.

குப்பியை உடைத்து ஊசியில் இழுத்தேன். போத்தலில் குத்தப் போகையில் புனிதம் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மிஸ்ஸி, வேண்டாம். ஒருக்கா விட்டிட்டீங்கள்."

நான் விடவில்லை என்றேன். கையை எடு என்றேன். படித்தவள் நீயா நானா என்றும் கேட்டேன். அவள் பிடியைத் தளர்த்தாமல் மற்றக் கையால் குப்பைக் கிண்ணத்தை என் முன்னே நகர்த்தினாள். உடைந்த குப்பிகள் இரண்டு கிடந்தன. அன்று காலையில் கிண்ணத்தைக் கழுவி வைத்தவள் அவள். வேறு யாருக்கும் அன்று குயினைன் கொடுக்கவில்லை.

"எப்பிடித் தெரிஞ்சது?"

"உங்கட கண்ணைப் பாத்துத்தான். நல்லா இருந்தா ஒரு மணி செபம் சொல்லி முடிய மூண்டு நாலு தரம் இமைப்பியள். கணக்குப் பாக்கேக்க ஒண்டும் இமைக்க மாட்டியள், அப்ப நான் கதை குடுக்கிறேல்ல. இண்டைக்கு மூடின இமை செபத்தில ரெண்டு சொல்லுக்குத் திறக்கேல்ல. அதுதான் கையையும் பாத்துக்கொண்டு நிண்டனான்."

ஊரில் இருந்தபோது யோசெப் கடலால் வந்து மறுபடி வள்ளம் தள்ளப் போனால், முன்னால் இருத்தி ஒரு மணி செபம் சொல்லித்தான் விடுவாளாம். இமை பிந்தினால் வள்ளம் கரையிலேயே நிற்கும். "அந்த மனுசன் என்னைக் கண்டா இப்பவும் முழிச்சு முழிச்சுப் பாக்கும்" என்றாள்.

ஊசியைக் கீழே வைத்தேன். வீரபாகு வந்து சொட்டு எண்ணினார். நான் வாங்குப் பலகையில் அரை மணித்தியாலம் படுத்தேன். எழும்பியதும் புனிதம் முன்னால் வந்து நின்றாள். மாலையை வெளியே எடுக்கச் சொன்னேன். நாலு தரம் இமைத்தேனாம். இனி வேலை செய்யலாம் என்றாள்.

அதன்பிறகு அவள் பார்க்காமல் நான் மருந்து அலுமாரியைத் திறந்ததில்லை. ஒருவர் மருந்து எடுக்க, மற்றவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று விதியும் வைத்தோம். இரண்டாயிரத்தில் ஓய்வு பெறும் வரை என் கையால் ஒருவரும் சாகவில்லை. அதில் எவ்வளவு என் படிப்பு, எவ்வளவு புனிதம் என்று எனக்குத் தெரியும்.

ஜெயரூபி மூன்றாம் நாள் கண் திறந்து பிள்ளையைக் கேட்டாள். ஆறாம் நாள், கஞ்சியில் உப்பில்லை என்று புனிதத்தோடு சண்டை பிடித்தாள். புனிதம் குசினிக்குப் போய் உப்பு எடுத்துவந்து போட்டாள். நடந்ததை நாங்கள் இருவரும் ஜெயரூபிக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவள் தன் உயிருக்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியட்டும் என்பதற்காகத்தான் இப்போது எழுதுகிறேன்.