ரோமுக்கு ஒத்திகை

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. அறுபதாம் வருஷம் ரோமில் ஒலிம்பிக் நடக்கவிருந்தது. அம்மாவின் தம்பியான என் மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். அவர் விடுப்பில் எங்கள் ஊரான முத்தியால்பேட்டைக்கு வந்தார்.
2. ரோமையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் காட்டும் வரைபடம் ஒன்றை எங்கள் சுவரில் ஒட்டினார்.
3. பிள்ளைகளில் ஒருவரைத் தன்னோடு ரோமுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி, அண்ணனைத் தேர்ந்தெடுத்தார்.
4. நான் ஊசுட்டேரிக்கு நடந்தேன்.

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே ஒரே ஒரு இரவுதான்.

மாமாவுக்குப் பந்தயங்களைவிட ரோமைச் சுற்றியுள்ள மலைகளும் ஏரிகளும்தான் பெரிது. அவற்றை நடந்தே பார்க்க வேண்டும் என்பார். அண்ணன் அந்த வரைபடத்தை ஏறிட்டும் பார்த்ததில்லை. பத்து வயதான நானோ நூல் வைத்து அளந்திருந்தேன். படகுப் போட்டி நடக்கப்போகும் ஏரி நகரத்திலிருந்து இருபத்துநாலு கிலோமீட்டர்.

“பொம்பளப் புள்ள எங்க நடக்கப்போவுது? கதிர்காமம் தாண்டறதுக்குள்ள தூக்கிக்கன்னு அழும்” என்றார் மாமா.

எங்கள் தெருவிலிருந்து ஊசுட்டேரிக்குப் போய்த் திரும்பினால் அதே இருபத்துநாலு. மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். அம்மா தடுப்பாள் என்று நினைத்தேன். அவளோ புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். சாட்சிக்கு அண்ணன் வந்தான். ரோமைச் சுற்றி நடக்கத் தேர்வானவன் வந்தது சைக்கிளில்.

வழியில் வரும் கதிர்காமத்தைத் தாண்டினேன். நான் அழவில்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்து சோற்றைச் சாப்பிட்டோம். திரும்பும்போது செருப்பு வார் அறுந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். தார் சுட்டது.

“ஏறிக்கடி. யாருக்கும் சொல்லமாட்டேன்” என்றான் அண்ணன்.

“நான் சொல்லிடுவேன். போடா.”

வீட்டுக்கு வந்தபோது மாலையாகிவிட்டது. மாமா என் பாதங்களைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அவன் தலையசைத்தான்.

“சரிதான். நீயே வா” என்றார் மாமா.

ஆனால் யாரும் போகவில்லை. பட்டாளத்துக்குத் திரும்பியதும் அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாக ஒரு கடிதம் வந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் ஜெயித்தேன் என்பது மட்டும் மாறவில்லை. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

அன்று மாலை அம்மா என் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். ஏரியில் அக்கரை தெரியுதா? பறவைங்க நெறைய இருந்துச்சா? கரையில பொம்பளைங்க யாராச்சும் இருந்தாங்களா? மாமாவுக்காக என்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். முத்தியால்பேட்டையிலேயே பிறந்து, முத்தியால்பேட்டையிலேயே வாழ்க்கைப்பட்டவள் அவள் என்பது எனக்குத் தெரியும். அதை அந்தக் கேள்விகளோடு சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “அங்கேருந்து திரும்பி வரணும்னு தோணுச்சாடி ஒனக்கு?”

“திரும்பி வந்தாத்தானேம்மா இருபத்துநாலு” என்றேன்.

அம்மா சிரித்தாள். என் கால்களை வெந்நீரிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டாள்.

இப்போது நான் நில அளவை வரைபடங்கள் வரையும் வேலையில் இருக்கிறேன். ஊசுட்டேரியின் கரையை மூன்று முறை அளந்திருக்கிறேன். அம்மா இன்னும் அதைப் பார்க்கவில்லை. நானும் கூட்டிப்போகவில்லை.