எம்புட்டுல எம்புட்டு

மதுரைச் செல்லூரில் தறி ஓடினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தறி நின்றால்தான் தலையைத் தூக்குவார்கள். கரண்டு போயிருக்கும், இல்லையென்றால் யார் கையாவது மாட்டியிருக்கும், அதுவும் இல்லையென்றால் சண்டை. அங்கே பிறந்த பிள்ளைக்கு இது தொட்டிலிலேயே தெரியும். இருபது வருசத்துக்கு மேல் அங்கே பாடம் நடத்தும் தமிழ்வாணி டீச்சருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு தடவை தறியை நிறுத்தச் சொல்லிக் கெட்டாள்.

கொட்டாம்பட்டிப் பக்கத்துக்காரி. அப்பா வீரணன் அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டியவர். மகள் ஆசிரியர் பயிற்சி முடித்து, செல்லூரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். தறி மெக்கானிக் முத்துக்குமரனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். ஐந்தாம் வகுப்புக் கணக்கு அவளுடையது. நல்ல டீச்சர் என்று பேர் இருந்தது. அதற்கு மேல் அவளும் எதையும் கேட்டதில்லை, பரவையில் நடந்த அந்தப் பயிற்சி வகுப்பு வரைக்கும்.

பயிற்சி கொடுக்க வந்தவருக்கு வயது முப்பதுகூட இருக்காது. சுவரில் படம் போட்டு, அதில் எழுதியிருந்ததை அப்படியே வாசித்தார். பின்னக் கணக்கு வந்ததும் சிரித்துக்கொண்டே, “செல்லூர் மாதிரிப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் வந்தாலே பெரிய விஷயம். பின்னத்தை லேசாத் தொட்டுட்டுப் போயிருங்க” என்றார். முன்வரிசையில் ரெண்டு பேர் தலையாட்டினார்கள்.

தமிழ்வாணி எழுந்தாள். “எப்ப சார் செல்லூருக்கு வந்தீங்க?”

“பொதுவாச் சொன்னேன் மேடம். உக்காருங்க.”

உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அந்தச் சொல் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து தட்டை வைத்தபோது முத்துக்குமரன், “என்ன, தட்டை இந்தப் போடு போடுற?” என்றான்.

“அந்த ஆளு நின்ன இடத்துல நான் நிக்கணும்.”

“நில்லு. எவன் வேண்டாம்னான்?”

நிற்பதற்கு ஒரு தகுதி வேண்டும். ஒரு கல்வி அமைப்பு ‘தேர்ந்த ஆசிரியர்’ என்று சான்றிதழ் கொடுக்கிறது. அது இருந்தால்தான் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க விடுவார்கள். முதலில் எழுத்துத் தேர்வு. பிறகு ஒரு வகுப்பை நடுவில் வெட்டாமல், ஒட்டாமல் படம் பிடித்து அனுப்ப வேண்டும். என்ன நடத்தப் போகிறோம் என்பதை முன்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசியில் நேர்முகம். தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் கதவு சாத்திவிடும்.

எழுத்துத் தேர்வில் ஊதித் தள்ளினாள். படம் பிடிப்பதில்தான் வினை வந்தது.

பள்ளிக்கூடச் சுவரை ஒட்டித் தறிக்கூடம். சத்தம் பதிவைக் கெடுத்துவிடும் என்று பயந்தாள். முத்துக்குமரன் பொண்டாட்டிக்காகத் தறிக்காரரிடம் போய்த் தலையைச் சொறிந்து, ஒரு வகுப்பு நேரம் மட்டும் நிறுத்திவைக்கச் சம்மதம் வாங்கினான். இவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். கூட வேலை பார்க்கும் சாயிரா பானு கைப்பேசியை ஸ்டாண்டில் மாட்டினாள். தறி நின்றது. பிள்ளைகள் அத்தனை பேரும் சன்னல் பக்கம் திரும்பினார்கள்.

“இங்கே கவனியுங்கள் மாணவர்களே” என்றாள் தமிழ்வாணி.

அதுவே அதுகளுக்குப் புதுசு. மாணவர்களே என்று அவள் என்றைக்குக் கூப்பிட்டாள்? பார்க்கப் போகிறவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் என்று பேச்சையும் பட்டுச்சேலை மாதிரி எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பலகையில் ஒரு வட்டம் போட்டு, கால்பாகத்துக்கு வண்ணம் தீட்டி, “இதன் பின்ன மதிப்பு யாது?” என்று கேட்டாள்.

சத்தமே இல்லை. தறி ஓடும்போது தொண்டை கிழியக் கத்துகிற பிள்ளைகள், அமைதியைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டன. கடைசியில் பவதாரிணி என்கிற பிள்ளை மெதுவாகக் கை தூக்கியது.

“டீச்சர், யாதுங்கிறது யாரு? புதுப் பையனா?”

அது அப்படியே பதிவானது. வெட்டக் கூடாது என்று விதி. அனுப்பினாள். ‘மாணவர் பங்கேற்பு போதவில்லை’ என்று பதில் வந்தது.

சாயிரா பானு சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். “வாணிக்கா, கோச்சுக்காதீங்க. அன்னைக்கு நீங்க ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தீங்க. எனக்கே பயமாயிருச்சு.”

“அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான?”

“பட்டுச்சேலையெல்லாம் கட்டிட்டு வந்தீங்களே, எப்படிச் சொல்றது? அல்லா இருக்கான். அடுத்த தடவை நீங்க நீங்களா வாங்க, போதும்.”

மத்தியானச் சோற்றைப் பிசைந்தபடி தமிழ்வாணி யோசித்தாள். மற்ற நாளில் பின்னத்துக்கு அவள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். எதைக் காட்டினாலும் “எம்புட்டுல எம்புட்டு?” என்பாள். பிள்ளைகள் “நாலுல ஒண்ணு”, “அஞ்சுல ரெண்டு” என்று கூரை அதிரக் கத்தும். அந்தக் கேள்வியைத்தான் படத்துக்காக ஒளித்து வைத்தாள். தன் பேச்சுக்குத் தானே வெட்கப்பட்டிருக்கிறாள். பரவையில் அந்த ஆள் சொன்னதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? அது உறைத்தபோது சோற்று டப்பாவை மூடி வைத்தாள்.

அடுத்த தடவை வந்தது. கடைசித் தடவை. முத்துக்குமரன் கேட்டான்: “தறியை நிப்பாட்டச் சொல்லவா?”

“வேணாம். ஓடட்டும்.”

“சத்தம் கேக்குமே.”

“கேக்கட்டும். பிள்ளைங்க பேசுறது கேக்குற மாதிரி மைக்குக்கு வழி பண்ணுங்க, போதும்.”

முணுமுணுத்துக்கொண்டே போய், கல்யாண வீடியோ எடுப்பவனிடம் சட்டையில் மாட்டும் மைக் ரெண்டு வாங்கி வந்தான். ஒன்று அவளுக்கு. இன்னொன்றைப் பிள்ளைகள் நடுவில் தொங்கவிட்டான். அவள் தினமும் கட்டுகிற பருத்திச் சேலையிலேயே போனாள்.

தறி தடதடத்தது. வகுப்பு அதற்கு மேல் சத்தம் போட்டது. மூணில் ஒண்ணு பெரிசா, நாலில் ஒண்ணு பெரிசா என்று கேட்டாள். முகேஷ் எழுந்து, “நாலுல ஒண்ணுதான் டீச்சர். மூணைவிட நாலு பெருசுல்ல” என்றான்.

எழுதிக் கொடுத்த திட்டப்படி, தவறான பதிலைத் திருத்திவிட்டுப் பயிற்சித்தாளுக்குப் போக வேண்டும். தமிழ்வாணி போகவில்லை. பையிலிருந்து ரெண்டு செல்லூர்த் துண்டுகளை எடுத்துப் போட்டாள். “நீயே மடிச்சுப் பாருடா.”

முகேஷ் ஒன்றை மூன்றாக மடித்தான், இன்னொன்றை நாலாக. நாலாக மடித்தது சின்னதாக இருந்தது. பயல் விடுவானா? “இந்தத் துண்டே சின்னது டீச்சர். நீங்க ஏமாத்துறீங்க” என்று ரெண்டையும் விரித்து, ஒன்றன் மேல் ஒன்று போட்டு அளந்தான். சரியாக இருந்தது. வகுப்பு “ஓ...” என்று ஊளையிட்டது. அவன் முகம் செத்துப்போச்சு.

அப்போது பவதாரிணி எழுந்தது. “டீச்சர், அவன் சொன்னதும் சரியா வரும். எங்க வீட்டுப் போர்வையை நாலா மடிச்சா, அந்த ஒண்ணு இந்தத் துண்டுல மூணுல ஒண்ணைவிடப் பெருசா இருக்கும்ல?”

இது திட்டத்திலும் இல்லை, புத்தகத்தில் அந்தப் பக்கத்திலும் இல்லை. கைப்பேசி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்வாணி திட்டத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

“அப்ப நான் கேட்ட கேள்வியில என்னடா தப்பு?”

முகேஷுக்கு உயிர் வந்தது. “எம்புட்டுலன்னு நீங்க சொல்லவே இல்ல டீச்சர்! துண்டுலயா போர்வையிலயான்னு சொல்லாம சும்மா பெருசு சின்னதுன்னு கேட்டா?”

“ஆமடா, தப்பு என்னுதுதான்” என்று வாய்விட்டுச் சிரித்தாள். மிச்ச வகுப்பும் அந்தப் போர்வையிலேயே போனது. பயிற்சித்தாள் பைக்குள்ளேயே கிடந்தது. மணி அடிக்கும் முன் ‘முழுப்பொருள் எவ்வளவு?’ என்று எழுத்துத் தமிழில் பலகையில் எழுதி, எல்லாரையும் வாசிக்க வைத்தாள்.

படத்தைப் பார்த்துவிட்டுச் சாயிரா பானு கையைப் பிசைந்தாள். “அருமையா இருக்குக்கா. ஆனா எழுதிக் கொடுத்தது ஒண்ணு, நடத்துனது ஒண்ணு. அதைப் பிடிச்சுக்கிட்டா? வேற ஒரு நாள் மறுபடி எடுத்துருவோமா?”

“மறுபடி எடுத்தா அது நாடகம் பானு. இதுதான் வகுப்பு. அனுப்பு.”

நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் முதலில் ஆரம்பித்தார். “திட்டத்தை ஏன் கைவிட்டீங்க?”

“பிள்ளை என்னைவிட நல்ல கேள்வி கேட்டுச்சும்மா.”

“சரி. ‘எம்புட்டு’ன்னு வகுப்பு முழுக்கச் சொல்றீங்க. ஒரு தேர்ந்த ஆசிரியர் அதைத் தவிர்க்கலாமே?”

ஆமாங்கம்மா, திருத்திக்கிறேன் என்று சொல்லிவிட்டால் ஒருவேளை தேறிவிடலாம். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தமிழ்வாணி அதை முழுங்கினாள்.

“தவிர்த்துப் பாத்தேன்மா. போன தடவை அனுப்புன பதிவு உங்ககிட்டதான் இருக்கு. யாதுங்கிறது புதுப் பையனான்னு ஒரு பிள்ளை கேட்டுச்சு. இந்தத் தடவை போர்வைக் கேள்வி கேட்டதும் அதே பிள்ளைதான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. பின்னத்துல முதல்ல கேக்க வேண்டியது முழுசு எம்புட்டுங்கிறதைத்தான். எம்புட்டுலன்னு நான் கேக்குறப்ப அது உள்ள வந்துருது. எழுத்துத் தமிழைக் கடைசியில பலகையில எழுதுறேன், பிள்ளைங்க வாசிக்குது. ஆனா வாசல்ல செருப்பை விடுற மாதிரி பேச்சையும் விட்டுட்டு வான்னா, பிள்ளையும் வெளியிலயே நின்னுரும்.”

ஓரத்தில் இருந்தவர் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டு, “போகலாம்” என்றார்.

முடிவு கைப்பேசியில் வந்தது. தேர்ச்சி. கீழே ஒரு குறிப்பு: ‘பதிவில் இயந்திர இரைச்சல் அதிகம்.’

முத்துக்குமரன் அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். “பாத்தியா? நான் அப்பவே நிப்பாட்டச் சொல்லவான்னு கேட்டேன்ல?”

“சும்மா இருங்க” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அடுத்த பயிற்சி பரவையில், அதே கூடத்தில். இந்தத் தடவை முன்னால் நின்றது தமிழ்வாணி. சுவரில் படம் எதுவும் போடவில்லை. மேசை மேல் ரெண்டு துண்டும் ஒரு போர்வையும் இருந்தன. ஆரம்பிக்கும் முன்னாலேயே பின்வரிசையில் ஒரு இளவட்ட வாத்தியார் எழுந்தார்.

“மேடம், உள்ளதைச் சொல்லிர்றேன். எங்க பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குப் பின்னமெல்லாம் வராது.”

தமிழ்வாணி சாக்பீஸை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

“வாங்க சார், இங்க வந்து எழுதுங்க. எம்புட்டுல எம்புட்டுப் பேருக்கு வராது?”