வண்டியில்லாத மாட்டுக்காரன்

மலைக்கு மேலே பெரிய அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. அம்மையநாயக்கனூர் ரயிலடியில் வந்து இறங்கும் அரிசி, எண்ணெய், இரும்புச் சாமான் எல்லாம் கம்பம் வழியாகக் கூடலூருக்கு வரும். அங்கிருந்து குமுளி ஏற்றத்தை மாட்டு வண்டியில்தான் ஏற வேண்டும். அத்தனை வண்டிகளை எங்கள் பள்ளத்தாக்கு அதற்கு முன் பார்த்ததே இல்லை.

நான் கம்பத்தில் ஒரு தானிய வியாபாரியிடம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ராவுத்தர் குடும்பத்தைச் சேர்ந்த முதலாளி, தங்கமான மனிதர். குறை என்று ஒன்றும் சொல்ல முடியாது. ஆனாலும் எத்தனை காலம்தான் இன்னொருவர் மாட்டின் வாலை முறுக்கிக்கொண்டிருப்பது என்று எனக்குள் ஓர் அரிப்பு இருந்துகொண்டே இருந்தது.

அணை வேலைக்குச் சாமான் ஏற்றி அனுப்பும் காண்டிராக்டர் ஒருவர் இருந்தார். சந்தையில் ஒருநாள் மிரண்டு ஓடிய ஜோடி மாட்டை நான் மறித்து நிறுத்தியதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எங்கிட்ட வண்டி மேஸ்திரியா வாரியாப்பா? அம்புட்டு வண்டியும் ஒஞ் சொல்லுக்குத்தான் நிக்கும், போகும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். மேஸ்திரியின் வண்டிதான் வரிசையில் முதலில் போகும். அந்த வண்டியை அவர் கொடுப்பார். மலை ஏறக்கூடிய மாடுகளை நான் கொண்டுவர வேண்டும். சரி என்றேன். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பத்திரம் கிடையாது. வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் பெண் கொடுத்த மாதிரிதான்.

முதலாளியிடம் போய் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றேன். "போயிட்டு வாப்பா, அல்லா ஒனக்கு நல்ல வழி காட்டட்டும்" என்று மனதாரச் சொன்னார். மறுநாளே என் வண்டியில் வேறொருவர் ஏறிவிட்டார். சோளமும் கம்பும் எனக்காகக் காத்துக்கொண்டா இருக்கும்?

மாடு வாங்க என் மனைவி காதில் கிடந்த தண்டட்டி இரண்டையும் கழற்றிக் கொடுத்தாள். வளர்ந்து தொங்கும் அந்தக் காதுகளை வெறுமையாகப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வீரபாண்டித் திருவிழாவை ஒட்டிக் கூடிய மாட்டுத் தாவணியில் ஒரு செவலை, ஒரு மயிலை என்று மலைமாடு ஒரு ஜோடி பிடித்தோம். எங்களுடையது பழைய வேதக்காரர் ஊர், மாதா கோயில்தான் எங்களுக்கு எல்லாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் மாடுகளின் மேல் தீர்த்தம் தெளித்தார். ஊரே கூடி நின்று பார்த்தது. நான் தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டுதான் கிளம்பினேன்.

கூடலூர் தாண்டி மலை அடிவாரத்தில் காண்டிராக்டரின் கொட்டகை இருந்தது. மாடுகளை ஓட்டிக்கொண்டு நானும் என் மனைவியும் போய் நின்றபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்தச் சோலிக்கு எம் மச்சினன் வந்துட்டாப்லப்பா. வேற ஆளு தேவையில்ல" என்றார்.

"வெத்தல மாத்துனமேய்யா?" என்றேன்.

"வெத்தலய அன்னைக்கே மென்னு துப்பியாச்சு. வேணும்னா மாட்ட விட்டுட்டுப் போ, வந்த வெலைக்கு நானே எடுத்துக்கிறேன்."

பக்கத்தில் நின்ற மச்சினர் சிரித்தார். ஏறிப் பாய்ந்திருப்பேன். என் மனைவி என் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

பாதை மலையேறத் தொடங்கும் இடத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் மாடுகளைக் கட்டிவிட்டு உட்கார்ந்தேன். பழைய வேலை போயிற்று, புதிய வேலையும் இல்லை. வண்டி இல்லாமல் வெறும் மாடு மட்டும் வைத்திருப்பவனுக்கு யார் வேலை கொடுப்பார்? மாட்டை விற்கலாம். விற்றுவிட்டு எந்த முகத்தோடு ஊருக்குள் நுழைவது? தீர்த்தம் தெளித்ததை ஊரே பார்த்திருக்கிறதே! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

என் மனைவி அடுப்புக்குக் கல் தேடிக்கொண்டிருந்தாள். "அழுகுறதுன்னா அழுது முடிச்சிருங்க. நான் அதுக்குள்ள கஞ்சி காச்சிர்றேன்" என்றாள். அப்படிச் சொன்ன பிறகு எப்படி அழுவது?

மறுநாள் விடிந்ததும் வண்டிகள் ஏற ஆரம்பித்தன. முதல் கொண்டை வளைவிலேயே எல்லாம் நின்றுவிட்டன. அங்கே ஏற்றம் செங்குத்து. பாரம் ஏற்றிய வண்டியை ஒரு ஜோடி மாடு இழுக்காது. அதனால் பின்னால் நிற்கும் வண்டியின் மாடுகளை அவிழ்த்து, முன் வண்டியின் மாடுகளுக்கு முன்னால் இன்னொரு நுகத்தடியும் வடக்கயிறும் போட்டுப் பூட்டுவார்கள். நான்கு மாடும் சேர்ந்து அந்த வண்டியை மேலே சேர்த்துவிட்டு, திரும்ப இறங்கி வந்து அடுத்த வண்டியை இழுக்க வேண்டும். இப்படியே ஒவ்வொன்றாக. மாடுகளுக்கு நாக்குத் தள்ளிவிடும், பாதிப் பகல் அங்கேயே போய்விடும். அதிலும் யார் மாட்டை முதலில் அவிழ்ப்பது என்று தினமும் சண்டை.

அன்றைக்கும் இரண்டு வண்டிக்காரர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறையாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காத எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. முந்தைய நாள் காண்டிராக்டர் மேல் காட்ட முடியாத கோபமெல்லாம் அவர்கள் மேல் திரும்பியது.

"ஏலே, நிறுத்துங்கடா! ஒங்க மாட்ட ஒருத்தனும் அவுக்க வேணாம்!" என்று கத்திவிட்டு என் ஜோடியை ஓட்டிக்கொண்டு போய் முன் வண்டியில் பூட்டினேன். உதவி செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணம் ஒன்றும் அப்போது எனக்கு இல்லை. சத்தம் நின்றால் போதும் என்றிருந்தது.

வண்டி ஏறியது. செவலையும் மயிலையும் தோளைக் கொடுத்து இழுத்த இழுப்பைப் பார்த்து என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மாடுகள் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் வண்டி பின்னால் உருளாமல் சக்கரத்துக்கு அடியில் கல் போட வேண்டும். திரும்பிப் பார்த்தால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் கல்லைப் போட்டுக்கொண்டிருந்தாள் என் மனைவி. "என்ன பாக்குறீக? மாட்டப் பாருங்க" என்றாள்.

அந்த வண்டிக்காரர் எங்கள் மாடுகளுக்குப் பருத்திக்கொட்டை அளந்து போட்டார். அடுத்தவர் வைக்கோலும் எங்களுக்கு அரிசியும் கொடுத்தார். உச்சிவெயிலுக்கு முன்பே அன்றைய வண்டிகள் அத்தனையும் ஏறிவிட்டன. சாயங்காலம் பாரம் இறக்கிவிட்டு வந்தவர்களில் ஒருவர் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, நாளைக்கும் இங்கன இருப்பீகளா?" என்று கேட்டார்.

இருப்போம் என்று எனக்கு முன்னால் என் மனைவி பதில் சொல்லிவிட்டாள். வேலை கிடைப்பது என்றால் என்னவென்று அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. என்னைத் தேடி ஒருவர் நாளைக்கு வருகிறார்! சந்தோஷத்தில் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் தினமும் அதுதான் தொழில். முன்மாட்டுக்காரர் என்று எனக்குப் பெயரே வந்துவிட்டது. குமுளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிளகும் ஏலமும் கொண்டு வரும் மலையாளத்துக்காரர்கள் அண்ணன் என்ற அர்த்தத்தில் "சேட்டா" என்பார்கள். மறு வருஷம் வீரபாண்டித் திருவிழா வந்தபோது கையில் கொஞ்சம் சேர்ந்திருந்தது. தண்டட்டி வாங்கிவிடலாம் என்றேன்.

"காது எங்கன ஓடிப் போகுது? மாடு வாங்குங்க" என்றாள். இரண்டாவது ஜோடி வந்தது.

காண்டிராக்டரின் வண்டிகள் மட்டும் எங்களிடம் வராது. மேஸ்திரியான மச்சினர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பழைய முறையிலேயே அவிழ்த்து, பூட்டி, நாக்குத் தள்ள ஏறிக்கொண்டிருந்தார்கள். நானும் கூப்பிடவில்லை. போகட்டுமே!

ஒரு ஐப்பசி மழையில் அது முடிவுக்கு வந்தது. வளைவில் சேறு. அரிசி மூட்டை ஏற்றிய அவர்கள் வண்டி ஒன்று ஏற முடியாமல் நழுவி, ஒரு சக்கரம் பள்ளத்து ஓரத்துக்குப் போய்விட்டது. மாடுகள் முட்டிபோட்டுக் கிடந்தன. வண்டிக்காரர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். மச்சினர் குடையைப் பிடித்தபடி சாட்டையால் அடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது.

அதற்குள் ஒரு குரல். "மாட்ட அடிக்காதீக! எம் புருசன் வந்துட்டாரு!"

என் மனைவி அந்தச் சேற்றில் இறங்கி, சக்கரத்துக்கு அடியில் பெரிய கல்லைத் திணித்து, முதுகையும் கொடுத்து நின்றுகொண்டிருந்தாள். கல் நழுவினால் வண்டியோடு அவளும் பள்ளத்தில். என் இனிப்பெல்லாம் ஒரு நொடியில் கசந்தது. மாதாவே என்று அலறிக்கொண்டு இரண்டு ஜோடியையும் ஓட்டினேன். அந்த வண்டிக்கு முன்னால் பூட்டினேன். வாயால் மட்டும் அதட்டினேன், கம்பைத் தொடவில்லை. செவலை முதலில் குளம்பை ஊன்றியது, மற்ற மூன்றும் அதன் பின்னால் ஊன்றின. சக்கரம் முனகியது, அசைந்தது, பாதைக்கு வந்தது. மேலே வளைவு தாண்டி சமதரையில் வண்டி நின்றபோது மழையில் நின்ற அத்தனை வண்டிக்காரர்களும் குலவை போடாத குறைதான். மச்சினர் குடையை மடக்கிக்கொண்டார். நான் ஓடி இறங்கி அவளைப் பார்த்தேன். தலையிலிருந்து கால்வரை சேறு, அதற்குள் பல் மட்டும் சிரித்தது.

மறுநாள் காண்டிராக்டரே புளியமரத்தைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தார்.

"நடந்தத மனசுல வச்சுக்காதப்பா. மேஸ்திரி சோலி ஒனக்குத்தான். இன்னைக்கே வந்துரு" என்றார்.

இதற்காகத்தானே ஒரு காலத்தில் ஏங்கினேன்! அப்போது கீழே பாதையிலிருந்து, "அண்ணே, மாடு பூட்டலாமா?" என்று ஒரு குரல் கேட்டது. பின்னால் வண்டி வண்டியாக நின்றார்கள்.

"எனக்குச் சோலி கெடக்குங்கய்யா. நீங்களும் ஒங்க வண்டிய அனுப்புங்க, வரிசைல நிக்கட்டும். முந்தி வந்தவுகளுக்கு முந்திப் பூட்டுவோம்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பணிவாகத்தான் சொன்னேன். ஆனால் அந்தப் பணிவோடு சொல்லி முடித்தபோது எனக்கு இருந்த கம்பீரம் எந்த ஜமீன்தாருக்கும் இருந்திருக்காது. அன்றைக்கு அவருடைய வண்டிகளும் வரிசையில் வந்து நின்றன.

அணை முடிந்து தண்ணீர் எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தபோது அந்த ஏற்றத்தில் எங்களுக்கு ஆறு ஜோடி மாடுகள் இருந்தன. மாடு ஓட்ட எங்களோடு இருந்தவர்கள் எல்லோரும் எங்கோ ஒரு வேலையை இழந்துவிட்டு அந்த அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள்தான்.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. முன்கோபம் மட்டும் குறையவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மைதான். இன்றைக்கும் தருகிறேன் என்று சொன்னவர் கையை விரித்தால் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. பயம் மட்டும் வருவதே இல்லை.