கோழிகளைப் பற்றி என் கட்டைவிரல் சொன்ன பொய்

எங்கள் பக்கம் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்ததே, அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. வருஷத்தை எண்ணில் சொல்ல எனக்கு வராது. புழுவை வைத்துத்தான் சொல்லத் தெரியும். குருத்துக்குள் விரலை விட்டால் புழு, மருந்தடித்த மறுநாளும் புழு. குத்தகைக் காட்டில் முழங்கால் உயரம் நின்ற பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டு, பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்கு வேலைக்குப் போனேன். அந்த இடம் வந்தாலே பஸ்ஸில் எல்லோரும் மூக்கை மூடுவார்கள். நானும் மூடினவன்தான். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "விஷயத்துக்கு வாங்க மாமா" என்கிறாள். வருகிறேன்.

கூண்டைச் சொல்ல வேண்டும். ஷெட் நெடுகக் கம்பி வலைப் பெட்டிகள், படிப்படியாக மூன்று அடுக்கு. ஒரு பெட்டிக்குள் நாலு கோழி. தரையும் கம்பிதான். முட்டை உருண்டு முன்னால் வரட்டும் என்று அதையும் சாய்வாக வைத்திருப்பார்கள். அந்தச் சாய்வில்தான் நிற்கும், அதிலேயே தூங்கும், அதிலேயே முட்டை இடும். றெக்கையை விரிக்க இடம் கிடையாது. ஒன்று திரும்ப வேண்டுமென்றால் மற்ற மூன்றும் நசுங்க வேண்டும். நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தும் என்று குஞ்சிலேயே மூக்கு நுனியைச் சுட்டு வெட்டியிருப்பார்கள். தினமும் தீவனம் போட்டேன், முட்டை பொறுக்கினேன். ஒருநாளும் எனக்கு உறுத்தவில்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

முட்டை குறைந்துபோன கோழிகளைக் கழித்து லாரியில் ஏற்றுகிற நாள் வந்தது. பெட்டிக்குள் கையை விட்டுக் காலைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு கோழி மட்டும் வரவில்லை. குனிந்து பார்த்தேன். மண்ணைக் கிளறினால்தானே நகம் தேயும்? கிளற மண்ணே இல்லாததால் நகம் நீளமாக வளர்ந்து கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் மெதுவாக எடுத்துவிடப் பார்த்தேன்.

"என்ன பெருசு, கோழிக்கு வளைகாப்பா நடத்துற? இழுய்யா!" என்றார் மேனேஜர்.

இழுத்தேன். கோழி வந்துவிட்டது. அதன் விரல் ஒன்று கம்பியிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு மத்தியானம் சோற்றைப் பிசையக் கை கூசியது. ஆனாலும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் பண்ணை வாசலுக்கு ஒரு பெண் வந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் படித்த பிள்ளை. கூண்டில் கோழி வளர்ப்பதை நிறுத்தச் சொல்லிப் பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்திருந்தது. பண்ணைக்குள் விடவில்லை. ரோட்டோரத்து டீக்கடையில் எங்களிடம் வந்து பேசியது. நான்தான் முந்திக்கொண்டு நக்கலடித்தேன்.

"கோழிக்கு வக்கீலா வந்திருக்கியாம்மா? நாளைக்குக் கத்திரிக்காய்க்கும் வருவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் சிரித்தது. "நானும் முட்டை திங்கிறவதான் ஐயா. முட்டையே வேணாம்னு சொல்லல. தரையில வுட்டு வளக்கச் சொல்றேன். நடக்கணும், கிளறணும், றெக்கைய விரிக்கணும், அவ்ளோதான். உள்ள என்ன நடக்குதுன்னு பாத்தவங்க நீங்கதான். மனுவ விசாரிக்க நாள் குடுத்திருக்காங்க. விசாரணைக்கு வந்து சொல்றீங்களா?"

எனக்குக் கம்பியில் நின்ற அந்த விரல் கண்ணுக்குள் வந்துவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ரெண்டு நாள் கழித்து மேனேஜர் பேப்பரோடு வந்தார். "எல்லாருக்கும் இன்சூரன்ஸ் போடுறோம். பெருசு, இங்க ஒரு கைநாட்டு வையி." எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் நாலு பேரை மட்டும்தான் கூப்பிட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "நல்லாருப்பீங்க சார்" என்று வேறு சொன்னேன்.

அந்த விரல் என்னைத் தூங்க விடவில்லை. விசாரணை அன்றைக்கு, வேலை போனால் போகட்டும் என்று பஸ் ஏறிப் பெரம்பலூர் போனேன். அந்தப் பிள்ளை வாசலில் நின்றது. மேனேஜர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி ஒரு தாளை எடுத்தார்.

"நீங்கதான் ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டீங்களே ஐயா" என்று வாசித்தார். பண்ணையில் கோழிகள் நல்ல முறையில் உலாவுகின்றனவாம். ஒரு துன்பமும் கிடையாதாம். நான் கண்ணால் கண்ட உண்மையாம். கீழே என் கட்டைவிரல் ரேகை. ரேஷன் கடை மெஷினில் நாலு தடவை அழுத்தினாலும் தேய்ந்துபோச்சு என்று தள்ளுகிற விரல், இந்தப் பொய்யில் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது.

"இது என்னுது இல்லீங்க. இன்சூரன்ஸுன்னு சொல்லி வாங்கினாங்க" என்றேன்.

மேனேஜர் சிரித்தார். "வயசாயிடுச்சு சார். பெருசுக்கு மறதி."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். படிப்பில்லாதவனுக்கு ஞாபகம் ஒன்றுதானே சொத்து? அதிலும் கை வைத்தால்?

"யாருக்குய்யா மறதி? மூணாவது ஷெட்டு. நடு அடுக்கு. தண்ணித் தொட்டிப் பக்கத்துலேர்ந்து ஆறாவது பொட்டி. எடது காலு, நடு வெரலு. நீ நீலச் சட்டை போட்டிருந்த, பாக்கெட்டுல மை கொட்டியிருந்துச்சு. வளைகாப்பா நடத்துறன்னு கேட்ட. நான் இழுத்தேன், வெரலு பிஞ்சுது. உலாவுதாம்ல? தேரா அது, உலா போறதுக்கு? அந்தக் கம்பி மேல ஒரு நாள் வெறுங்காலோட நின்னுட்டு வா, நீ கேக்குற பேப்பருல எல்லாம் கைநாட்டு வக்கிறேன்!"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் தன் சட்டைப் பையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அதிகாரி பேனாவைத் திறந்தார். "உக்காருங்க ஐயா. முதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னேன். அந்தப் பிள்ளையை உள்ளே கூப்பிட்டு, எழுதினதை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் விரலை வைத்தேன். பழைய தாளைக் கிழித்துப் போடச் சொன்னேன். முடியாது, ரெண்டும் ஃபைலில்தான் இருக்கும் என்றார் அதிகாரி. இருக்கிறது. என் பொய்யும் என் உண்மையும் ஒரே கயிற்றில் கட்டிக் கிடக்கின்றன. எனக்கு வேலை போனது. கூண்டு இன்னும் போகவில்லை. அந்தப் பிள்ளை இன்னமும் மனுவோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறது.

கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பாதி மேனேஜர் மேல், பாதி என் மேல். கோழியின் விரல் பிய்ந்த அன்றே நான் வாயைத் திறந்திருந்தால், என் பெயரில் பேச ஒரு தாளுக்குத் தைரியம் வந்திருக்குமா? பார்த்தவன் சும்மா இருந்தால் அவன் சார்பில் பொய்தான் பேசும் என்று அன்றைக்குப் புரிந்தது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். கூண்டுப் பண்ணையில் வேலை பார்க்கிற, கைநாட்டு வைக்கிற ஒருவரையாவது தேடிப் பிடித்து, அவர் காதில் விழும்படி வாசித்துக் காட்டுங்கள்.