மூங்கில் தரையும் மெயின்லேண்டுக்கு எடுத்த டிக்கெட்டும்

மூங்கில் தரை நல்லதா கெட்டதா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. நான் அதற்காகப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அறுபதுகளில் அந்தமான் போர்ட் பிளேயரில் டெய்ரி ஃபார்ம் பக்கம் எங்கள் வீடு. பலகைச் சுவர், தகரக் கூரை, மண் தரை. மழை பிடித்தால் மாதக்கணக்கில் விடாது. தரை ஊறிப் பாய் நனைந்து, எட்டு மாதக் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. சிமெண்ட் கப்பலில் வரும். வந்ததெல்லாம் சர்க்கார் வேலைக்கே போய்விடும். என் கணவர் சர்க்கார் ஆபீசில் கிளார்க். அவருக்கே ஒரு மூட்டை கிடைக்கவில்லை.

அதனால் வீட்டுக்குள் கட்டைக்கால் நட்டு, இரண்டடி உயரத்தில் மூங்கில் தரை போட்டோம். அவசர அவசரமாக வெட்டிய பச்சை மூங்கில். அது போதாதென்று நான் ஒரு காரியம் செய்தேன். திருநெல்வேலிப் பழக்கம் விடுமா? முதல் வெள்ளிக்கிழமையே சாணியைக் கரைத்து மூங்கில் முழுக்க மெழுகி, மேலே கோலமும் போட்டுவிட்டேன். என்ன அழகு என்று நானே மெச்சிக்கொண்டேன். சாணி காயவே இல்லை. பூசணம் பிடித்தது, எறும்பு வந்தது. பூச்சி துளைத்து, அடியில் மாவு மாவாகக் கொட்டியது. ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு என் கால் உள்ளே இறங்கிவிட்டது.

என் கணவர் அன்றைக்கே பேனாவை எடுத்தார். ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டார். அடுத்த கப்பலில் அவருடைய அண்ணன், எனக்குப் பெரியத்தான், வந்து என்னையும் குழந்தையையும் அழைத்துப்போவதாக ஏற்பாடு. கல்யாணமாகி மூன்று வருஷம், லீவுக்கு மட்டும் வந்து போகிறவருக்காக மாமியார் வீட்டில் காத்துக் கிடந்துவிட்டு, அப்போதுதான் அவரோடு குடித்தனம் செய்ய வந்திருந்தேன். திரும்பிப் போனால் மறுபடி எத்தனை வருஷமோ, யார் கண்டது?

"அடுத்த கப்பல் வரட்டும். அதுக்குள்ள தரை சரியாகலைன்னா நானே பெட்டியைக் கட்டுதேன்" என்றேன்.

பக்கத்து வீட்டில் ராஞ்சிக்காரப் பெண் ஒருத்தி, என் வயதுதான். மரம் வெட்டும் கூட்டத்தில் அவளுக்கு வேலை. என் தரையைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். மூங்கிலைத் தேய்பிறையில் வெட்ட வேண்டுமாம், உப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டுமாம், அப்போதுதான் பூச்சி அண்டாதாம். சாணியைப் பற்றி மட்டும், "பாபி, யே தர்த்தி நஹி ஹை" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். இது மண்ணில்லை அண்ணி என்கிறாள். எனக்கு ரோஷமாக இருந்தாலும் அவள் சொன்னது நியாயம்தானே!

நானும் அவளும் முற்றிய மூங்கிலாக வெட்டி, மின்னி பே அலையோரச் சேற்றில் கல்லேற்றி வைத்தோம். கப்பல் வர ஒரு வாரம் இருக்கும்போது எடுத்தால், நாற்றமென்றால் அப்படியொரு நாற்றம். கழுவிக் காயவைத்து, பிளந்து தட்டி விரித்து, பிரம்பால் கட்டினோம். சிராய் ஏறி என் இரண்டு கையும் வீங்கிவிட்டன. கடைசி இரண்டு நாள் என் கணவரும் வந்து உட்கார்ந்து கட்டினார். நான் பிரம்பை அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

கப்பலும் வந்தது, பெரியத்தானும் வந்தார். சட்டைப்பையில் எங்களுக்கும் சேர்த்துத் திரும்பிப் போகிற டிக்கெட். வாசலிலேயே நின்று, இது தரையா கட்டிலா என்று கேட்டார். முதல் சாப்பாட்டில் அவருக்கு ஊற்றிய ரசம் இலையைவிட்டு ஓடி, இடுக்கு வழியாக இறங்கிப் போய்விட்டது. மண்ணுக்கும் பங்கு வைக்கிறாயா என்று நக்கல் வேறு. நடந்தால் கிறீச்சிடுகிறது, உட்கார்ந்தால் வேட்டி மாட்டுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாமே உண்மை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறினேன்.

மூன்றாம் நாள் மதியம் மழை பிடித்தது. எதிர்வீட்டில் பாத்திரங்கள் மிதந்து வாசலுக்கு வந்தன. எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்து, தரைக்கு அடியில் சளசளவென்று ஓடியது. பெரியத்தான் குனிந்து இடுக்கு வழியே பார்த்தார். உள்ளங்கையால் மூங்கிலைத் தடவினார். காய்ந்துதான் இருந்தது. குழந்தை வெறும் உடம்போடு தவழ்ந்து போய் அவர் மடியில் ஏறியது. அதன் நெஞ்சில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஏல, இவ இங்கனயே இருக்கட்டும். பிள்ளைக்கு இருமலே இல்லையே" என்றார் தம்பியிடம்.

அடுப்படியில் நின்ற எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஜெயித்துவிட்டேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை, இன்னொரு தடவை ரசம் வைத்தேன்.

பெரியத்தான் புறப்பட்ட அன்று கப்பல் சங்கு ஊதியது எங்கள் வீடுவரை கேட்டது. நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, என் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.